லூயிஸ் பிடித்த பூச்சி

ஊரில் மற்ற பெண்கள் வீட்டுக்குள் அந்துப்பூச்சியைக் கண்டால் என்ன செய்வார்கள்? பெட்டியைத் திறந்து சேலைகளை உதறுவார்கள், மடிப்புக்கு மடிப்பு வேப்பிலையைச் சொருகுவார்கள், அந்தப் பூச்சியின் வம்சத்தையே திட்டித் தீர்ப்பார்கள். நெல்லித்தோப்பு அகஸ்டினா மட்டும் அதை உள்ளங்கையில் வாங்கி, மேசைமேல் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு இறக்கையை விரித்துவிடுவாள். முதலில் அக்கம்பக்கத்தார் அவளுக்கு ஏதோ பேய் பிடித்திருக்கிறது என்றுதான் பேசிக்கொண்டார்கள். பேசட்டும். நெல்லித்தோப்பில் பேச்சுக்கு என்றைக்குப் பஞ்சம் இருந்தது?

எல்லாம் அவள் புருஷன் லூயிஸ் இழுத்துவிட்ட வேலை. அவன் புதுச்சேரிப் பட்டணத்தில் முசியே வெர்னியே என்ற பிரெஞ்சுக்காரரின் மருந்துக்கடையில் கணக்குப்பிள்ளையாக இருந்தவன். வெர்னியேவுக்கு மருந்து விற்பது சோற்றுக்கு, பூச்சி சேர்ப்பது உயிருக்கு. அதுவும் பெரிய பெரிய வண்ணத்துப்பூச்சிகள் அல்ல. விளக்கடியில் வந்து விழுமே, ஊதினால் பறந்துவிடும் அளவுக்குப் பொடிப் பொடியாக, அவைதான் அவருக்கு வேண்டும். வயது ஏறக் கை நடுங்க ஆரம்பித்தது. பொடிப் பூச்சியின் இறக்கையை விரித்து வைக்க நடுங்காத விரல் வேண்டும். “என் சம்சாரம் கன்னியர் மடத்தில் லேஸ் பின்னக் கற்றவள், முசியே” என்று லூயிஸ் சொன்னான். அப்படித்தான் அகஸ்டினாவின் மேசைக்குப் பூச்சி வந்து சேர்ந்தது.

விறைத்துப்போன பூச்சியை ஈர மணல் போட்ட டப்பாவில் ஒரு நாள் வைத்தால் உடம்பு இளகும். தலைமுடி போன்ற ஊசியில் அதைக் குத்தி, நடுவில் பள்ளம் வெட்டிய பலகையில் நிறுத்தி, இறக்கைகளை ஊசிமுனையால் மெல்ல நகர்த்தி, மேலே காகித நாடாவை இறுக்கி வைக்க வேண்டும். பிறகு இரண்டு மூன்று வாரம் காய வேண்டும். எறும்பு ஏறாமலிருக்க மேசையின் நாலு காலும் நாலு தண்ணீர்க் கிண்ணத்தில் நிற்கும். தும்மல் வந்தால் எழுந்து கொல்லைப்பக்கம் ஓட வேண்டும். அகஸ்டினா ஓடியிருக்கிறாள்.

லூயிஸுக்கு மடகாஸ்கர் தீவில் சுங்கத்தில் உத்தியோகம் கிடைத்தது. மூன்று வருஷ ஒப்பந்தம், தனியாகத்தான் போக வேண்டும். போனவன் மாதம் ஒரு கடிதம் பெண்டாட்டிக்கு எழுதினான், இரண்டு மாதத்துக்கு ஒரு பொட்டலம் வெர்னியேவுக்கு அனுப்பினான். பொட்டலத்தில் முக்கோணமாக மடித்த காகிதங்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பூச்சி. அவை வெர்னியே வீட்டுக்குப் போய் அங்கிருந்து நெல்லித்தோப்புக்கு வரும். மடிப்பைப் பிரிக்கும்போது இது தன் புருஷன் விரல் மடித்த மடிப்பு என்று அகஸ்டினாவுக்குத் தோன்றும். அதற்காகவே ஒரு காகிதத்தையும் அவள் எறிந்ததில்லை.

1934ஆம் வருஷம் செப்டம்பரில் தந்தி வந்தது. லூயிஸ் காய்ச்சலில் போய்விட்டான். தமாத்தாவ் துறைமுகத்தில் அடக்கம் செய்தாகிவிட்டது, பொருள்களைக் காய்ச்சலுக்குப் பயந்து கொளுத்திவிட்டார்கள். ஒன்றரை வரி. கல்யாணமாகி எட்டு வருஷம், பிள்ளை இல்லை. வீட்டில் மிஞ்சியது அகஸ்டினாவும் மாமியார் இருதயமேரியும்தான்.

தந்தி வந்து மூன்று வாரம் கழித்துக் கடைசிப் பொட்டலம் வந்தது. கப்பலுக்குத் தெரியுமா அனுப்பியவன் செத்துப்போனது? முப்பதாம் நாள் பூசை கழியாத துக்க வீடு, அகஸ்டினா வாசலைத் தாண்டக் கூடாது. அதனால் வெர்னியேவே புஸ்புஸ் வண்டியில் ஏறி, பின்னால் ஓர் ஆள் தள்ளிக்கொண்டு வர, தொப்பியைக் கையில் பிடித்தபடி நெல்லித்தோப்புக்கு வந்தார்.

பொட்டலத்தில் ஒன்பது பூச்சி. எட்டு முன்பே பார்த்தவை. ஒன்பதாவதை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்த வெர்னியே வெகுநேரம் தலை நிமிரவில்லை. இறக்கை ஒரு நெல்மணி நீளம்தான் இருக்கும். சாம்பல் நிறம், குறுக்கே வெள்ளிக் கோடு ஒன்று, ஓரத்தில் இளமஞ்சள் குஞ்சம். முக்கோணக் காகிதத்தில் லூயிஸ் பென்சிலால் எழுதியிருந்தான்: ‘சுங்கச்சாவடி விளக்கடியில் பிடித்தது. இந்த ஓரத்தைப் பார்த்தால் அகஸ்டினாவின் கல்யாணச் சேலை ஞாபகம் வருகிறது.’ செத்துப்போன மனுஷன் பூச்சிக் காகிதத்தில் இப்படி எழுதி வைத்தால் உயிரோடு இருப்பவள் என்ன செய்வாள்?

“நான் இதைப் பார்த்ததில்லை, மதாம்” என்றார் வெர்னியே. அவர் பேசியது பிரெஞ்சு. மடத்தில் கற்றது அகஸ்டினாவுக்குக் கை கொடுத்தது. “யாரும் பார்த்திருப்பார்கள் என்றும் தோன்றவில்லை. நீங்கள் விரித்து வையுங்கள். நான் படம் வரைந்து பாரிசில் இதையெல்லாம் ஆராய்கிறவருக்கு அனுப்புகிறேன்.”

அவள் விரித்தாள். அவர் நாலு நாள் கழித்து வந்து, ஒரு கையால் மற்றொரு கையைப் பிடித்துக்கொண்டு படம் வரைந்தார். நன்றாகக் காயும்வரை பலகையை அசைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்டோபர் கடைசியில் கல்லறைத் திருநாள் நெருங்கியது. நெல்லித்தோப்பு முழுக்கச் சுண்ணாம்பு வாளியும் மண்வெட்டியுமாகத் திரிந்தது. அவரவர் வீட்டுக் கல்லறையைச் செதுக்கி, வெள்ளையடித்து, நவம்பர் இரண்டாம் தேதி பூவும் மெழுகுவத்தியும் வைக்க வேண்டும். இருதயமேரியும் புருஷன் கல்லறைக்கு வெள்ளையடிக்கப் போனாள். திரும்பி வந்தவள் வாளியை நடு வீட்டிலேயே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

“இன்னாத்தை, உடம்புக்கு முடியலியா?”

“ஊரே அதது செத்தவங்களுக்கு வத்தி வாங்குது. எம்புள்ளைக்கு நான் எங்கடி போயி ஏத்துவேன்? கடல்லயா ஏத்துவேன்? ஒரு புடி மண்ணு உண்டா எனக்கு?”

அகஸ்டினா வாளியை எடுத்து ஓரமாக வைத்தாள். எதைக் காட்டுவாள்? சட்டை துணியெல்லாம் அங்கேயே சாம்பலாகிவிட்டது. அவள் கண் தானாக மேசைப் பக்கம் போனது. அந்த மண்ணில் பிறந்தது. அவர் கையால் பிடித்தது. அவர் கடைசியாகத் தொட்டவற்றில் ஒன்று. யோசித்து எடுத்த முடிவு என்று சொல்ல முடியாது. வாய் பேசிவிட்டது.

“அத்தை, அவரு தொட்டது ஒண்ணு இருக்குது.”

கல்லறைத் திருநாள் விடிகாலையில், கூட்டம் சேருவதற்கு முன்னால், மாமியாரும் மருமகளும் போனார்கள். இருமல் மிட்டாய் வந்த சின்னத் தகர டப்பா, அடியில் தக்கைத் துண்டு, அதில் குத்திய பூச்சி. மூடியைச் சுற்றி அகஸ்டினா மெழுகை உருக்கி ஊற்றியிருந்தாள், ஈரம் இறங்காமல். மாமனார் கல்லறைக்குப் பக்கத்தில் முழங்கை ஆழம் தோண்டி வைத்து மூடினார்கள். தச்சரிடம் சொல்லி வைத்த சிலுவையை நட்டார்கள். சாமியாரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் மந்திரித்த பூமியில் பூச்சியைப் புதைக்கலாமா கூடாதா என்று அவர் பிஷப் ஆண்டவர் வரைக்கும் எழுதிப் போடுவார். பதில் வருவதற்குள் அடுத்த கல்லறைத் திருநாள் வந்துவிடும். இருதயமேரி வத்தி ஏற்றினாள். தந்தி வந்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் அவள் முழுச் சோறு தின்றாள்.

இரண்டு நாள் கழித்து வெர்னியே வந்தார். அகஸ்டினா பொய் சொன்னாள்.

“கிண்ணத்தில் தண்ணீர் வற்றியதைப் பார்க்கவில்லை, முசியே. எறும்பு ஏறிவிட்டது.”

அவர் காலிப் பலகையைப் பார்த்தார். நாற்காலியைத் தடவி உட்கார்ந்தார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவளுக்கு மனம் ஆறியிருக்கும். “துக்க வீட்டில் நான் வேலை கொடுத்தது என் தப்பு” என்று சொல்லிவிட்டு வண்டி ஏறிப் போய்விட்டார். அந்த வார்த்தை அகஸ்டினாவை மூன்று மாதம் தூங்கவிடவில்லை.

பிப்ரவரியில் மறுபடி அந்த வண்டி வாசலில் நின்றது. வெர்னியே கையில் பாரிஸ் கடிதம் இருந்தது. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“உங்களிடம் சொல்லாமல் இருக்கலாம் என்று ஒரு வாரம் பார்த்தேன். ஆனால் இது உங்கள் புருஷனுடைய விஷயம், உங்களுக்குத் தெரிய வேண்டும். அந்தப் பூச்சி புதியது, மதாம். உலகத்தில் யாரும் இதுவரை பெயர் வைக்காதது. பிடித்தவர் பெயரையே வைக்கிறேன், பூச்சியை அனுப்புங்கள் என்று பாரிஸ்காரர் எழுதியிருக்கிறார். படத்தை வைத்துக்கொண்டு பெயர் வைக்க மாட்டார்களாம், பூச்சி வேண்டும். லுதோவிசி. லூயிஸ் என்ற பெயர் லத்தீனில் அப்படித்தான் வரும். உலகம் இருக்கிற மட்டும் அந்தப் பெயர் புத்தகத்தில் இருந்திருக்கும்.” கடிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். “நான் பலகையை என்னோடு எடுத்துப் போயிருக்க வேண்டும்.”

அந்த மனுஷன் தன்னையே நொந்துகொண்டு நிற்பதை அதற்கு மேல் அகஸ்டினாவால் பார்க்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். எறும்பு இல்லை, டப்பா, மெழுகு, சிலுவை, எல்லாம்.

வெர்னியேவின் முகம் சிவந்தது. அது கோபம்தான், சந்தேகமில்லை. தொப்பியைத் தலையில் வைத்தார், எடுத்தார்.

“டப்பாவில் ஈரம் இறங்கியிருக்குமா?”

“இறங்காது. நான் மூடினது.”

“அப்படியானால் இன்னும் அது இருக்கிறது.” வாசல்வரை போய்த் திரும்பினார். “அது அவருடைய அம்மாவுக்குக் கல்லறை. தோண்டு என்று நான் சொல்ல மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை பெட்டியோடு வருகிறேன். இல்லை என்றால் இல்லை என்று சொல்லிவிடுங்கள், போய்விடுகிறேன்.”

அவர் போனதும் இருதயமேரி கொல்லையிலிருந்து வந்தாள். அகஸ்டினா விஷயத்தைச் சொன்னாள். மாமியாரும் மருமகளும் எட்டு வருஷத்தில் போடாத சண்டையை அன்று போட்டார்கள்.

“பொதைச்சதத் தோண்டுவாங்களாடி? எந்த ஊரு வழக்கம் இது?”

“அவரு பேரு நிக்கும்த்தை. நமக்குப் புள்ள இல்ல, குட்டி இல்ல. நாம ரெண்டு பேரும் போயிட்டா லூயிஸுன்னு ஒருத்தரு இருந்தாருன்னு யாரு சொல்லுவா?”

“புஸ்தகத்துல பேரு இருந்தா? நான் புஸ்தகத்து மேலயா வத்தி ஏத்துவேன்?”

இரண்டு பேர் சொன்னதும் நியாயம்தான். யார் பக்கம் பேசுவது? அகஸ்டினா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். உலை கொதித்த பிறகு கிழவிதான் கேட்டாள்.

“இன்னா பேரு வைக்கிறாங்களாம்?”

“லுதோவிசி. அவரு பேருதான், லத்தீன்ல.”

“லத்தீன்ல?” இருதயமேரியின் குரல் மாறியது. “சாமியாரு பூசையில சொல்ற பாஷையிலயா?”

“அதேதான்.”

இருதயமேரி ஜெபமாலையை எடுத்துக்கொண்டு பாயில் சாய்ந்துவிட்டாள். எழுத்து வாசனை இல்லாத மனுஷி. ஐம்பது வருஷமாகத் தினம் காலையில் கோயிலில் முழங்காலில் நின்று, ஒரு சொல்லும் புரியாமல், ஆண்டவருக்குப் புரியும் என்ற ஒரே நம்பிக்கையில் அந்தப் பாஷையைக் கேட்டவள். அதில் தன் பிள்ளை பெயர்! பாரிஸ் புத்தகம் அவளுக்குப் பெரிதல்ல. ஆண்டவருடைய புத்தகத்திலேயே எழுதப்போகிறார்கள் என்று அவளுக்குப் பட்டுவிட்டது.

மறுநாள் விடிந்து அகஸ்டினா பார்த்தபோது மாமியாரின் பாய் சுருட்டியிருந்தது. கொல்லையில் களைக்கொத்தைக் காணோம். அவளுக்குப் புரிந்துவிட்டது. முக்காடு போடக்கூட நிற்காமல் கல்லறைக்கு ஓடினாள்.

இருதயமேரி சிலுவைக்குப் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்திருந்தாள். குழி திறந்திருந்தது. மடியில் டப்பா, மூடி தனியாக. மெழுகை நகத்தால் சுரண்டி எடுத்திருக்கிறாள். அகஸ்டினாவைக் கண்டதும் சின்னப் பிள்ளை மாதிரி முகம் மலர்ந்தது.

“அப்படியே இருந்துச்சுடி! வச்சது வச்ச மாதிரி. அந்த மஞ்ச ஓரம்கூட. நீ எதுக்கு மண்ணுல கை வைக்கணும், பெத்தவ நானே எடுத்துத் தரேன்னுதான் வந்தேன்.”

அகஸ்டினா குனிந்து டப்பாவைப் பார்த்தாள். தக்கையில் ஊசி நின்றது. ஊசியில் ஒரு பொட்டு அளவுக்கு ஏதோ கறுப்பாக ஒட்டியிருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

“அத்தை, பூச்சி எங்க?”

“இதோ இருக்குதே” என்று டப்பாவைக் காட்டிய இருதயமேரி, அப்போதுதான் தானும் உற்றுப் பார்த்தாள்.

நடந்ததைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதே இல்லை. கிழவியின் இரண்டு விரல் நுனியிலும் சாம்பல் பொடி மின்னியது. கீழுதட்டில் அதே பொடி, நடுவில் ஒரு துளி வெள்ளி. பெரிய வெள்ளியன்று பாடுபட்ட ஏசு சுரூபத்தின் பாதத்தைத் தொட்டு விரலை உதட்டில் வைப்பார்களே, அந்தோணியாரின் எலும்புத் துணுக்கு இருக்கும் அருளிக்கத்தைத் தொட்டு முத்தமிடுவார்களே, அப்படித் தொட்டு முத்தமிட்டிருக்கிறாள். புனித மண்ணிலிருந்து வந்தது, லத்தீன் பேர் வாங்கப்போவது, பெற்ற பிள்ளை தொட்டது. வேறெப்படி எடுப்பாள் அவள்? ஒரு தரம்தான் தொட்டாளோ, பல தரமோ. நெல்லளவு இறக்கைக்கு ஒரு தரமே அதிகம்.

இருதயமேரி விரலைப் பார்த்தாள், ஊசியைப் பார்த்தாள். முகம் வெளிறியது.

“கெடுத்துட்டனாடி? எம்புள்ள பேர நானே கெடுத்துட்டனா?”

அகஸ்டினாவுக்குக் கோபம் வராமல் இல்லை. எத்தனை நாள் வேலை, மூச்சுகூட விடாமல் விரித்த இறக்கை, இனி ஒருகாலும் வராத ஒன்று. வாயைத் திறந்தவள் மாமியாரின் கையைப் பார்த்தாள். அந்தக் கை இரண்டு விரலையும் மடக்காமல், எதிலும் படவிடாமல், காற்றில் தூக்கிப் பிடித்திருந்தது.

“இல்லத்தை. கோடு, நிறம் எல்லாம் படத்துல இருக்குது. ஊசியில ஒட்டியிருக்கே, அது போதும் அவங்களுக்கு.”

“நெசமா?”

“நெசமா. எந்திரிங்க, போவலாம்.”

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த இருதயமேரி, பெட்டியிலிருந்த வெள்ளைச் சேலையைக் கட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றாள். வெர்னியே பஞ்சு வைத்த மரப்பெட்டியோடு வந்தார். அகஸ்டினா டப்பாவை நீட்டினாள். பிரெஞ்சில் ஒரு வார்த்தை எச்சரித்திருக்கலாம். ஆனால் மாமியார் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கும்போது எப்படிச் சொல்வாள்?

அவர் மூடியைத் திறந்தார். உருப்பெருக்கியை எடுத்து வைத்துப் பார்த்தார். தோள் மெல்ல இறங்கியது. முப்பது வருஷம் பூச்சி சேர்த்தவர், எழுபது வயதில் முதன்முதலாக ஒரு புதிய பூச்சியைக் கண்டவர். ஒரு தேதியில் ஐயம் இருந்தால்கூடப் பூச்சிக்குக் கீழே குத்தும் சீட்டில் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிடுகிற மனுஷர் அவர். அகஸ்டினா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“முசியே” என்று இருதயமேரி கூப்பிட்டாள். அவரிடம் அவள் பேசுவது அதுதான் முதல் தடவை. “நான் தொட்டுட்டேன் முசியே. தெரியாமத் தொட்டுட்டேன். எம்புள்ள பேர எழுதுவாங்களா?”

நாற்பது வருஷம் புதுச்சேரியில் மருந்து விற்றவருக்குத் தமிழ் தெரியாமல் இருக்குமா? அவர் கிழவியைப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றினார்.

“எழுதியாச்சு, அம்மா” என்றார்.

“பாரிசுலயா?”

“பாரிஸ்ல.”

“எப்படிச் சொல்லுவாங்க அத? ஒருவாட்டி சொல்லுங்க முசியே, காதால கேட்டுக்கறேன்.”

வெர்னியே நிமிர்ந்து நின்றார். பிறகு, பாதிரியார் பீடத்தில் நின்று சொல்வதுபோல, நிறுத்தி, தெளிவாகச் சொன்னார்.

“லுதோவிசி.”

இருதயமேரி கண்ணை மூடிச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

“ஆமென்” என்றாள்.

வெர்னியே டப்பாவை மூடி, மரப்பெட்டியில் வைக்காமல், அகஸ்டினாவின் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். அவள் அதை வாங்கிக்கொண்டு உள்ளே போய், மாமியாருக்குக் கேட்காமல் இருக்க முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.